சூசை மாமா நிமிர்த்திய டி.என்.ஏ.

கெடுதல் செய்ய வருகிற ஆளைச் சமாளித்துவிடலாம். முறைத்துப் பார்க்கலாம், படலையைச் சாத்தலாம், தேவைப்பட்டால் வாயைத் திறந்து நாலு கேள்வி கேட்கலாம். ஆனால் உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவர், "பிள்ளைக்கு ஒரு உதவி செய்வம்" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டால், அவ்வளவுதான், உங்கள் கதை முடிந்தது. மடு மாதாவாலும் ஒன்றும் செய்ய இயலாது. (மாதா என்னை மன்னிக்க வேண்டும். அன்றைக்கு நான் கூப்பிடாமல் இல்லை. அவ வரவில்லை.)

நான் ஒரு விஞ்ஞான ரீச்சர். இப்போது தலையில் நரை விழுந்து, கண்ணாடி போட்டு, பிள்ளைகள் தூரத்தில் கண்டாலே சேட்டுப் பொத்தானைப் பூட்டுகிற அளவுக்கு மரியாதையோடு இருக்கிறேன். ஆனால் மன்னார்த் தீவில் வந்து "விஞ்ஞான ரீச்சர் வீடு எது?" என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஏணி ரீச்சர்" என்று கேட்டுப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். விடட்டும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. அன்றைக்கு இருந்தது. அன்றைக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் போதும் என்றுதான் நின்றேன்.

போரை நிறுத்திச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பாதை திறந்திருந்தது. கடலுக்கும் கொஞ்சம் தாராளமாகப் போய்வர விட்டார்கள். நான் உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்தை மயிரிழையில் தவறவிட்டு, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். தொண்டர் ஆசிரியை என்றால், ஆசிரியர்கள் செய்கிற வேலை எல்லாம் செய்யலாம். ஆசிரியை என்று மட்டும் சொல்லிக்கொள்ள முடியாது. பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் என் கையில் இருந்தது. அதிபர் சிஸ்டருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். நானோ, எனக்காகவே அந்தப் பாடம் கண்டுபிடிக்கப்பட்டது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒருநாள் சிஸ்டர் கூப்பிட்டு, கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்து நான் படிப்பிப்பதைப் பார்க்கப் போகிறார் என்று சொன்னா. அவருக்குப் பிடித்தால் வகுப்பு என்னிடமே இருக்கும். பிடிக்காவிட்டால், விஞ்ஞானத்தை என்னிடமிருந்து எடுத்துக் கணக்குச் சேரிடம் கொடுத்துவிடுவார்கள். (கணக்குச் சேர் நல்ல மனிதர். ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, "விளங்கிச்சா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிற ஆள்.) என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுச் செய்த முதல் வேலை அந்த வகுப்புதான். யார் வந்தாலும் கொடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் சண்டைக்கு நின்றேன்.

"இலையின்ர அமைப்பைக் காட்டு பிள்ளை. வேப்பிலை பள்ளிக்கூட முத்தத்திலேயே கிடக்கு. ஒருத்தரும் பிழை பிடிக்கமாட்டினம்" என்றா சிஸ்டர்.

கேட்டேனா? "இலையை ஆரும் காட்டுவினம் சிஸ்டர். நான் டி.என்.ஏ. காட்டப்போறன்" என்றேன். (அந்த வயதில் எனக்கிருந்த வாய்க்கு யாராவது ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.)

டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்று யாரைக் கேட்டாலும் முறுக்கிய ஏணி போல என்றுதான் சொல்வார்கள். புத்தகத்தில் இருக்கிற படம் தட்டையாகக் கிடக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு மீசை கீறுவார்கள். நான் உண்மையான ஏணியே செய்வது என்று முடிவெடுத்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நைலோன் கயிறு. அவைதான் வெல்லமும் பொசுபேற்றும் மாறி மாறிக் கோத்த இரண்டு இழைகள். நடுவில் படிகள். படிகளைத் தருகிற மூலங்கள் நான்கு: அடினைன், தைமின், குவானின், சைற்றோசின். வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பெயின்ற் வீட்டில் இருந்தது. அடினைனுக்குச் சிவப்பு, தைமினுக்கு மஞ்சள், குவானினுக்கு நீலம், சைற்றோசினுக்குப் பச்சை. ஒரு படிக்கு இரண்டு துண்டுக் கம்பு. ஒன்று இந்தக் கயிற்றிலிருந்து வரும், மற்றது அந்தக் கயிற்றிலிருந்து வரும், நடுவில் சந்திக்கும். சிவப்புக்கு எதிரே மஞ்சள்தான் வரும். நீலத்துக்கு எதிரே பச்சைதான் வரும். வேறு சோடி சேராது. சந்திக்கிற இடத்தில் தையல் நூலால் மெல்லிய முடிச்சு. அந்த நூல்தான் ஐதரசன் பிணைப்பு, பலம் குறைந்தது. வகுப்பில் எல்லாரும் பார்க்க நூலை இழுத்து அறுத்து, ஏணி நடுவால் இரண்டாகப் பிரிவதைக் காட்ட வேண்டும் என்பது என் பெரிய திட்டம்.

எல்லாம் கட்டி முடித்து, ஏணியை அழகாக முறுக்கி, மேல் கட்டையையும் கீழ்க் கட்டையையும் ஒரு நீளக் கழியோடு சேர்த்துக் கட்டினேன். கழி இருக்கும்வரை முறுக்கு அவிழாது. முற்றத்தில் நிறுத்திவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கண் பட்டுவிடும் போல இருந்தது.

அம்மா வந்து சுற்றிப் பார்த்தா. "இது என்ன பிள்ளை?"

"டி.என்.ஏ. அம்மா."

"அவை எப்பவாம் தகரம் தருவினம்?"

(அம்மாவைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் கரையில் அந்தக் காலத்தில் மூன்று ஆங்கில எழுத்துச் சேர்ந்து வந்தால் அது ஒன்றில் ஆயுதம் தூக்கின இயக்கம், இல்லாவிட்டால் கூரைத் தகரம் கொடுக்கிற நிறுவனம்.)

பாடம் நடக்கிற நாள் காலையில் நான் முதலே போய் அதிகாரியை வரவேற்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டா. ஏணியைக் கொண்டுவருகிற பொறுப்பை அப்பாவிடமும், அம்மாவின் தம்பி சூசை மாமாவிடமும் விட்டேன். இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். காலையில் கரைக்கு வந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

"அப்பா, இதைக் கழியோட அப்பிடியே தூக்கிக்கொண்டு வந்து, வகுப்புக் கூரை வளையில கட்டித் தொங்கவிட்டு, பெட்சீற்றால மூடிவிடுங்கோ. அப்பிடியே. விளங்கிச்சா?"

"ஓம் பிள்ளை, நாங்கள் பாக்கிறம். நீ யோசிக்காமல் போ."

யோசிக்காமல் போனேன். அங்கேதான் பிழை நடந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியிலும் அதற்கு மருந்து கிடையாது. முறுகிக் கிடக்கிற கயிற்றைக் கண்டால் அவர்களுடைய கை சும்மா இருக்காது. கலியாண வீட்டில் பந்தல் கயிறு முறுகியிருந்தால், சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போய் நிமிர்த்திவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முறுகின கயிறு கடலில் சிக்கும். சிக்கினால் வலை போகும், சில வேளை ஆளே போகும். முறுக்கு என்றால் அவர்களுக்கு ஆபத்து. அந்த ஆபத்தைத்தான் நான் வேலை மினக்கெட்டுச் செய்து, வர்ணமும் பூசி, முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன்.

பிறகு அப்பா சொல்லி அறிந்தது இது. கடலிலிருந்து வந்த மாமா ஏணியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாராம்.

"என்ன மச்சான் இது, பிள்ளை கட்டின ஏணி இப்பிடி முறுகிப்போய்க் கிடக்கு?"

"அவள் படிச்ச பிள்ளை. கயிறு பழக்கமில்லை" என்று அப்பா எனக்காகப் பரிந்து பேசினாராம்.

"பெரிய மனிசன் ஒருத்தர் வாறாராம். இதைப் பாத்தால் என்ன நினைப்பார்? கடற்கரையில பிறந்தவள், ஒரு ஏணி ஒழுங்காக் கட்டத் தெரியேல்ல எண்டு நினைக்கமாட்டாரோ? எங்களுக்கெல்லோ மானம் போகும்!"

கழி கழன்றது. முறுக்குக் கழன்றது. மாமா அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. படிகள் நடுவில் வெறும் தையல் நூலில் தொங்குவதைக் கண்டு அவருக்கு நெஞ்சு பதறியிருக்கிறது. யாராவது ஏறினால் என்ன கதி? ஒவ்வொரு நூலையும் அறுத்து எறிந்துவிட்டு, வலை கட்டுகிற நைலோனால் ஒவ்வொரு படியையும் இறுக்கி, சுற்றிச் சுற்றிக் கட்டி, கடைசியில் பூவரச மரத்தில் தொங்கவிட்டுத் தானே ஏறியும் பார்த்திருக்கிறார். பிறகு ஏணியைப் பாய் போலச் சுருட்டி சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கழி வீட்டில் கிடந்தது.

அதிகாரி வந்தார். வெள்ளைச் சேட்டு, தடித்த கண்ணாடி, கையில் கோப்பு. சிரிப்பு என்ற சாமானை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வகுப்பின் முன்பக்கம் போட்ட கதிரையில் இருந்தார். வளையிலிருந்து பெட்சீற்றால் மூடிய என் ஏணி தொங்கியது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

"பிள்ளையள், எங்கட உடம்பு என்னத்தால ஆனது?"

"கலங்களால ரீச்சர்!"

"கலத்துக்குள்ள?"

"கரு!"

"கருவுக்குள்ள நிறமூர்த்தம் இருக்கு. அதை அவிழ்த்து அவிழ்த்துப் பாத்தால் கண்ணுக்கே தெரியாத நீட்டு நூல் ஒண்டு வரும். உங்கட தலைமயிர் என்ன மாதிரி, மூக்கு என்ன மாதிரி எண்டெல்லாம் அதிலதான் எழுதியிருக்கு. அதுதான் டி.என்.ஏ. அது பாக்க எப்பிடி இருக்கும் தெரியுமா?" குரலை உயர்த்தினேன். "இந்தா பாருங்கோ, முறுக்கிய ஏணி!"

பெட்சீற்றை இழுத்தேன்.

ஏணி தொங்கியது. அளந்து வைத்த மாதிரி நேராகத் தொங்கியது. கோயில் கோபுரத்தில் சாத்தினாலும் ஒரு சொல் சொல்ல முடியாத ஏணி.

நான் கையிலிருந்த பெட்சீற்றைத் திருப்பிப் பார்த்தேன், முறுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று. (சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.)

முன் வாங்கில் இருந்த நிலுக்சன் கை உயர்த்தினான். "ரீச்சர், முறுக்கு எங்க?"

"வருது" என்றேன். வேறு என்ன சொல்ல? கீழ்க் கட்டையை இரண்டு கையாலும் பிடித்து என் பலம் முழுவதையும் போட்டுத் திருகினேன். ஏணி முறுகிக்கொண்டு வந்தது. நெற்றி வியர்வையைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன். அவ்வளவுதான், கட்டை என் கையிலிருந்து திமிறி, விர்ரென்று சுழன்று, சோக்குப் பெட்டியைத் தட்டி விழுத்திவிட்டு, மறுபடியும் நேராக நின்றது.

யன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐயோ பிள்ளை, முறுக்காத! காலமை கஷ்டப்பட்டெல்லே கழட்டினனாங்கள்!"

சூசை மாமா. பக்கத்தில் அப்பா. நான் படிப்பிப்பதைக் கண்குளிரப் பார்க்க இரண்டு பேரும் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அதிகாரி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"ஆர் இவை? இது வகுப்பறையா, மீன் வாடியா?"

அந்தச் சொல்தான். அதுவரைக்கும் எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகை போன இடம் தெரியவில்லை. வலையும் கருவாடும் கிடக்கிற கொட்டில்தானே, மீன் வாடியில் என்ன குறை? நான் வாடியில் இருந்து படித்துத்தான் உயிரியல் பாஸ் பண்ணினேன்.

"அப்பா, மாமா, உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

"நாங்களோ?" என்று கேட்டார் மாமா. அவருக்குப் பள்ளிக்கூட விறாந்தையில் ஏறவே கூச்சம்.

"ஓம், நீங்கள்தான். கழட்டின ஆக்களே முறுக்குங்கோ. முறுக்கிப்போட்டு, நான் சொல்லும்வரை கையை விடாதையுங்கோ."

வந்தார்கள். வாழ்நாள் முழுக்க முறுக்குக் கழற்றிய இரண்டு மனிதர்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல ஏணியை வேண்டுமென்றே முறுக்கினார்கள். மாமாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கீழ்க் கட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் குந்தியிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, முகடுவரைக்கும், என் இரட்டைச் சுருளி. சிவப்பு மஞ்சள், நீலம் பச்சை, பச்சை நீலம் என்று சுற்றிச் சுற்றி ஏறியது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

"ரீச்சர், சிவப்பும் சிவப்பும் சேராதா?" என்று கேட்டாள் ரிஸ்வானா. வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்கிறவள்.

"சேராது. அடினைனுக்குத் தைமின்தான். குவானினுக்குச் சைற்றோசின்தான். ஒரு பக்கம் தெரிஞ்சால் மற்றப் பக்கம் என்ன எண்டு கேட்காமலே சொல்லலாம்."

"மீனுக்கும் இது இருக்கா ரீச்சர்?" நிலுக்சன்.

"இருக்கு. சூடைக்கும் இருக்கு, சுறாவுக்கும் இருக்கு. இதே நாலு எழுத்துத்தான். அடுக்கின ஒழுங்குதான் வேற."

"கணவாய்க்கு?" என்று கீழேயிருந்து கேட்டார் மாமா.

"கணவாய்க்கும் இருக்கு மாமா."

"நண்டுக்கு?"

"மாமா, கட்டையைப் பிடியுங்கோ."

பாடம் தூள் பறந்தது. நான் சொல்லவில்லை, பிள்ளைகளின் முகம் சொன்னது. அதிகாரிக்கே ஒரு ஆசை வந்து, கதிரையிலிருந்து எழும்பி ஏணிக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து, முகத்தைப் படிகளுக்குக் கிட்டக் கொண்டுபோய், "இதில பொசுபேற்று எங்க காட்டியிருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மத்தியான மணி அடித்தது.

எங்கள் ஊரில் காலை, மத்தியானம், மாலை என்று செபத்துக்கு அடிக்கிற திரிகால மணி அடித்தால் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்குவான். சந்தையில் மீன் வெட்டுகிறவள் கத்தியைக் கீழே வைப்பாள். கடலில் கரையோரமாக நின்றாலும் மணி காற்றில் கேட்டால் அப்பாவும் மாமாவும் துடுப்பை வைத்துவிட்டு எழும்பி நின்று சிலுவை போடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை. கை தானாகப் போகும்.

கை தானாகப் போனது. நாலு கையும்.

இரண்டு பேரும் எழும்பி நின்று, தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, பிதா சுதன் என்று பக்தியோடு நெற்றியைத் தொட்டார்கள். ஏணி அவிழ்ந்தது. ஆண்கள் இரண்டு பேர் முறுக்கிய முறுக்கு! புயல் மாதிரிச் சுழன்றது. முதல் சுற்றிலேயே ஒரு படி அதிகாரியின் கண்ணாடியைக் கொழுவிக்கொண்டு போனது. இரண்டாவது சுற்றில் கீழ்க் கட்டை கோப்பைத் தட்டியது, கடதாசிகள் வகுப்பு முழுக்கப் பறந்தன. அவர் கத்த வாயைத் திறந்தார். ஆனால் எப்படிக் கத்துவது? வகுப்பே எழும்பி நின்று தலை குனிந்து செபம் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாசலில் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறா. முஸ்லிம் பிள்ளைகள்கூட மரியாதைக்கு அசையாமல் இருக்கிறார்கள். செபம் முடியும்வரை அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு, கண் தெரியாமல், தன் கண்ணாடி சுற்றிச் சுற்றிப் போய்வருகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றார்.

செபம் முடிந்தபோது ஏணியும் நின்றிருந்தது. கண்ணாடி ஒரு குவானினில் தொங்கியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, பாடத்தை முடித்துக்கொண்டு போயிருந்தால் நான் நல்ல பிள்ளை. ஆனால் எனக்கு ஏறின சூடு இறங்கவில்லை. என் வகுப்பை எடுக்கத்தானே போகிறார், எடுக்க முதல் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவோம் என்று திரும்பி நின்றேன்.

"பாத்தீங்களா பிள்ளையள்? இப்பிடித்தான். கலம் ஒண்டு ரெண்டாகிறதுக்கு முதல் டி.என்.ஏ. முறுக்கை விட்டு அவிழும். அவிழ்ந்தால்தான் தன்னைப் போல இன்னொண்டு செய்யேலும். மாமா, கத்தியைத் தாங்கோ."

மாமா இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துத் தந்தார். அவர் கட்டிய முதல் கட்டை அறுத்தேன்.

"ஐயோ பிள்ளை, நல்ல கட்டடி!"

அடுத்ததையும் அறுத்தேன். அவர் ஒவ்வொரு கட்டுக்கும் முனகினார். நான் ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டு போனேன். ஏணி நடுவால் பிளந்து, நாலு நிறத்திலும் அரைப் படிகளோடு இரண்டு கயிறுகளாகத் தொங்கியது. ஒரு கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன்.

"இதில சிவப்பு நிக்குது. புதுசா வந்து சேரவேண்டியது என்ன?"

"மஞ்சள்!"

"நீலத்துக்கு?"

"பச்சை!"

"மற்றக் கயிற்றிலயும் இப்பிடியே சேர்ந்தால் எத்தினை ஏணி வரும்?"

"ரெண்டு!" என்று கத்தியதில் மாமாவின் குரலும் இருந்தது.

பாடம் முடிந்ததும் அதிகாரி என்னைச் சிஸ்டரின் அறைக்குக் கூப்பிட்டார். அப்பாவும் மாமாவும் வாசலுக்கு வெளியில் நின்றார்கள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தணிந்த குரலில்தான் பேசினார்.

"பிள்ளைக்குப் பாடம் தெரியுது. குழப்பினது உவை ரெண்டு பேரும்தான். வெளியாக்கள் அனுமதியில்லாமல் வந்து மாதிரியைப் பழுதாக்கிப்போட்டினம் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. நான் அப்பிடியே போட்டு, விஞ்ஞானத்தை உங்களிட்டையே விடுறன்."

ஒரு சொல். சொன்னால் என் வகுப்பு எனக்கு. வாசலைப் பார்த்தேன். அப்பா தலைத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "சொல்லு பிள்ளை, சொல்லு" என்று தலையாட்டினார். மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் தன் மருமகளின் மானத்தைக் காப்பாற்ற நினைத்த மனிதர்.

"வெளியாக்கள் இல்லை ஐயா. ஒராள் என்ர அப்பா. மற்றவர் என்ர மாமா. உள்ளுக்கு வரச்சொன்னது நான்தான்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "இது மீன் வாடியா எண்டு கேட்டீங்கள். ஓம் ஐயா, இந்தப் பிள்ளையள் வாடியில இருந்துதான் வாறவை. இண்டைக்கு அவை படிச்சதை இனி மறக்கமாட்டினம். நீங்களும் மறக்கமாட்டீங்கள்."

சிஸ்டர் சிலுவைச் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

விஞ்ஞானம் கணக்குச் சேரிடம் போனது. எனக்கு அதே வகுப்புக்குச் சித்திரம் தந்தார்கள். எனக்குச் சித்திரம் வராது. நான் கீறுகிற பசு, நாற்காலியில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதேன். மாமா சாப்பிடவில்லை. "நான் சும்மா இருந்திருக்கவேணும்" என்று சொல்லிச் சொல்லி முற்றத்தில் நடந்தார். மறுநாள் கண்ணைக் கழுவிக்கொண்டு சித்திர வகுப்புக்குப் போனேன்.

"என்ன கீற ரீச்சர்?" என்று கேட்டார்கள்.

"உங்களுக்கு விருப்பமானதைக் கீறுங்கோ" என்றேன். எல்லாரும் எதைக் கீறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் ஒரு சொல் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. படிகளுக்குச் சரியான நிறத்தைப் பூசச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தத் தவணை முழுக்க அதுதான் நடந்தது. நிலுக்சன் திருவிழா வளைவை இரட்டைச் சுருளியாகக் கீறினான். ரிஸ்வானா மருதாணிக் கையில் விரலுக்கு ஒன்றாகச் சுற்றிவிட்டாள். சுறாவின் வயிற்றுக்குள் ஒன்று, வள்ளத்தின் பாயில் ஒன்று.

தவணை முடிவில் சித்திரக் கண்காட்சி. பார்க்க வந்தவர் அதே அதிகாரி. சுவர் சுவராக நடந்தார். எங்கேயாவது சிவப்புக்கு எதிரே பச்சை வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு படமாகக் கிட்டப் போய்ப் பார்த்தார். (கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான்.) ஒரு பிழையும் கிடைக்கவில்லை. கடைசியில் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளையை விஞ்ஞானத்துக்கே விட்டிடுங்கோ சிஸ்டர். இல்லாட்டில் சித்திரமும் கெட்டுப்போம்."

நான் நன்றி சொல்லவில்லை. என் வகுப்பை எனக்குத் திருப்பித் தருகிறவருக்கு எதற்கு நன்றி? சிஸ்டர்தான் எனக்கும் சேர்த்து நன்றி சொல்லி, அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினா.

பிறகு எனக்கு நிரந்தர நியமனம் வந்தது, கலியாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். இளைய மகன் மீன் தின்ன மாட்டான். எங்கள் இரண்டு பக்கத்துப் பரம்பரையிலும் மீன் வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதன் அவன்தான். நல்ல விளைமீன் குழம்பைக் கண்டாலும் வாயை இறுக்கி மூடிவிடுவான். மாமியார் அவனுக்காக நேர்த்தி வைத்தா. அம்மா டொக்டரிடம் காட்டச் சொன்னா. ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட இருந்தால், யாராவது ஒருவர் "இவனுக்கு இந்தக் குணம் ஆரிட்ட இருந்து வந்தது?" என்று தொடங்குவார். சூசை மாமா குழம்புக் கையோடு நெஞ்சைத் தட்டுவார்.

"என்னிட்ட இருந்துதான். அண்டைக்கு நான் ஏணியைக் கழட்டிக் கட்டேக்க ஒரு படி மாறிப்போச்சு."

வீடு சிரித்து உருளும். எத்தனை ஞாயிறு சொன்னாலும் உருளும். போன கிழமையும் சொன்னார். சிரிப்பு அடங்கினதும் மகன் என்னைப் பார்த்து, "அப்ப நான் பிழையாக் கட்டினதா அம்மா?" என்று கேட்டான்.

"பிழையில்லை மகன். வேற மாதிரிக் கட்டினது" என்றேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இனி ஆராவது இவன்ர கோப்பையில மீன் வைச்சால் என்னோடதான் கதைக்கவேணும்" என்றேன்.

மாமா எட்டி, கத்தரிக்காய்ச் சட்டியை அவன் பக்கம் தள்ளிவைத்தார்.